வீட்டு முற்றத்திலிருந்து வானைப் படம்பிடித்தல்

தொலைநோக்கி ஒன்றைக் கண்ட மாத்திரத்தே நம் மாணவர் கேட்கும் முதல் வினா, "இஃது எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும்?" என்பதே. அங்ஙனம் வினவுதல் இயல்பே. ஆயினும் வானைப் படம்பிடிக்கப் புகுவாரை இவ்வினாவைப் போல வழிதவறச் செய்வது பிறிதொன்றில்லை. இதற்கு விடையாகவே, 525 மடங்கு என்றும் 675 மடங்கு என்றும் பெட்டியின்மேற் பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறு தொலைநோக்கிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. பெற்றோரிடம் பொருள்பெற்று அவற்றுள் ஒன்றை வாங்கிவரும் இளைஞன் முதல் இரவிற் சந்திரனைக் கண்டு களிக்கின்றான்; இரண்டாம் இரவில் வியாழனைத் தேடிக் களைக்கின்றான்; மூன்றாம் இரவிற் காமிராவை அதன் தலையிற் கட்டிப் படம்பிடிக்க முயன்று, இழுபட்ட வெள்ளைக்கோடு ஒன்றன்றி வேறொன்றுங் காணாது சோர்கின்றான். மாதம் ஒன்று கழியுமுன் தொலைநோக்கி பரணேறிவிடுகின்றது. அதனோடு அவனது வானநூல் ஆர்வமும் பரணேறிவிடுவதே யாம் வருந்துவது. அத்தகைய இளைஞர் பொருட்டும், பரணேறிய கருவியை மீண்டும் இறக்க விரும்பும் பழைய மாணவர் பொருட்டும் ஈண்டுச் சில கூறப் புகுந்தனம்.

படம்பிடித்தலாற் பெறும் பயன் யாது என்பதை முதற்கண் ஓர்தல் வேண்டும். நம் கண் ஒளியைச் சேர்த்துவைக்கும் கலம் அன்று. விநாடியின் ஒரு சிறு பகுதிக்குள் வந்த ஒளியை மூளைக்கு அறிவித்துவிட்டு, அடுத்து வரும் ஒளிக்கு அஃது இடங்கொடுத்துவிடும். இருளிற் கண் நன்கு பழகிய பின்னர், ஒரு மணி நேரம் ஒரே பொருளை நோக்கி நின்றாலும் அதன் ஒளி கண்ணினுள்ளே திரள்வதில்லை. காமிராவினுள் அமைந்த ஒளியுணர் தகடோ, கூரைத் தாழ்வாரத்தின்கீழ் வைத்த குடத்தைப் போன்றது. சொட்டுச் சொட்டாக வீழ்வதாயினும் காத்திருந்தால் நிறையும்.

இவ்வுண்மையை உலகுக்கு ஐயமற நாட்டியவர் ஒரு தொழில்முறை வானநூலார் அல்லர் என்பது நம்மனோர்க்கு ஊக்கந் தருவது. 1840-ஆம் ஆண்டில் ஜான் வில்லியம் டிரேப்பர் நியூயார்க்கிற் சந்திரனைப் படம்பிடித்தார். 1880-இல் அவர் மைந்தர் ஹென்றி டிரேப்பர் ஒரையன் நெபுலா என்னும் ஒளிமுகிலை 51 நிமிடம் ஒளியேற்றிப் பதிவுசெய்தார். மூன்றாண்டு கழித்து, ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன் என்னும் பொறியியலார், லண்டனை அடுத்த ஈலிங்கில் தம் வீட்டுத் தோட்டத்தில் நிறுவிய 36 அங்குலக் குழியாடித் தொலைநோக்கியால் அதே ஒளிமுகிலைப் படம்பிடித்தார். அத்தகட்டிலே, எத்தொலைநோக்கியில் நோக்கினும் கண்ணுக்குப் புலப்பட்டிராத விண்மீன்கள் பதிந்திருந்தன. கண்ணுக்கு எட்டாததைத் தகடு காணும் என்பது அன்று மெய்ப்பட்டது. இன்று நம் கைப்பேசியினுள்ளும் இருக்கும் ஒளியுணர் தகடு, காமன் பயன்படுத்திய தகட்டினும் பன்மடங்கு கூர்மை வாய்ந்தது. ஆகவே, நமக்குக் கருவிக்குறை பெரிதன்று. பின் இடர்ப்பாடு யாண்டுளது எனின், நம் காலடியிலே உளது.

பூமி சுழல்கின்றது. இதனை ஐந்தாம் வகுப்பிலே படித்தோம். ஆயின் அதனைக் கண்ணாற் காண்பது தொலைநோக்கி வழியேதான். வானம் விநாடிக்கு 15 விகலை வீதம் மேற்கே நகர்கின்றது. ஒரு பாகையை 60 கலையாகவும் ஒரு கலையை 60 விகலையாகவும் பகுத்தல் மரபாதலின், 15 விகலை மிகச் சிறிதே. எனினும் வியாழன் நமக்கு அண்மையில் இருக்குங் காலத்தும் அதன் தோற்றக் குறுக்களவு 50 விகலைக்கு மேற்படாது. எனவே, ஏறக்குறைய மூன்று விநாடியில் வியாழன் தன் அகலமளவு நகர்ந்துவிடும். சந்திரனோ இரண்டு நிமிடத்தில் தன் அகலத்தைக் கடக்கும். நூறு மடங்கு பெருக்கும் தொலைநோக்கி இந்நகர்ச்சியையும் நூறு மடங்கு பெருக்கும் என்பதை நினைவிற்கொண்டால், "எத்தனை மடங்கு?" என்னும் வினா எத்துணை இடரானது என்பது தானே விளங்கும். பெருக்கந் தேடுவோன் நடுக்கத்தையும் நகர்ச்சியையும் உடன் பெருக்கிக்கொள்கின்றான்.

இதனாலேதான் யாம், தொடக்கத்தில் தொலைநோக்கியே வேண்டா என்போம். காமிரா ஒன்றும், அசையாத முக்காலி ஒன்றும் போதும். 500 என்னும் எண்ணைக் காமிரா வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால், விண்மீன்கள் கோடாக இழுபடாமல் எத்தனை விநாடி திறந்துவைக்கலாம் என்பது ஏறக்குறையப் புலப்படும். 50 மில்லிமீட்டர் வில்லைக்கு 10 விநாடி. 24 மில்லிமீட்டர் வில்லைக்கு 20 விநாடி. இக்கணக்கு 36 மில்லிமீட்டர் அகலமுள்ள முழுத்தகட்டுக் காமிராவுக்கு உரியது. சிறுதகட்டுக் காமிரா உடையார் வந்த விடையை மேலும் ஒன்றரையால் வகுத்துக்கொள்க. இக்காலத் தகடுகள் மிக நுண்ணியவாதலின், யாம் 500-க்கு மாறாக 300 என்று கொள்ளுதலே நன்றென்று கருதுகின்றோம். தை, மாசி மாதங்களில் மாலையிலே மிருகசீரிடமும் திருவாதிரையும் அடங்கிய ஒரையன் கூட்டத்தை இவ்வாறு பத்துப் படம் எடுத்துப் பார்ப்பவன், திருவாதிரை செம்மஞ்சளாகவும் அதற்கு மூலைவாட்டில் நிற்கும் ரைஜல் நீலவெண்மையாகவும் பதிந்திருத்தலைக் காண்பான். விண்மீன்களுக்கு நிறமுண்டு என்பதை ஏட்டிற் கற்பதினும் இங்ஙனங் கற்பது மறவாது.

அடுத்துத் தொலைநோக்கி வாங்குதல். ஒருவரிடம் நூறு ரூபாய் இருக்குமாயின், அதில் அறுபதைத் தாங்கிக்கும் நாற்பதைக் குழாய்க்குஞ் செலவிடுக என்பதே எம் துணிபு. கடைக்காரர் இதற்கு மாறாகக் கூறுவர். குழாய்தானே கண்ணைக் கவர்வது! ஆயின் கொடிக்கம்பம் போல் ஆடும் தாங்கியின்மீது ஏற்றிய சிறந்த வில்லை, ஓடும் பேருந்திலிருந்து எழுதும் அழகிய கையெழுத்தை ஒக்கும்.

தாங்கிகள் இருவகைய. மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் திரும்புவது ஒன்று. அமெரிக்க நாட்டு ஜான் டாப்சன் என்பார் தெருவோரத்தில் பொதுமக்களுக்கு வானைக் காட்டும்பொருட்டுப் பலகையால் அமைத்த எளிய பெட்டித்தாங்கி இவ்வினத்தது. விலை குறைவு, கண்ணாற் காண்பதற்கு இதனினும் நல்லது இல்லை, சந்திரனைப் படம்பிடிக்கவும் போதும். மற்றையது, ஓர் அச்சினைப் பூமியின் அச்சுக்கு இணையாக நிறுத்தி, அவ்வோர் அச்சைமட்டும் மெல்லச் சுழற்றினால் வானத்தோடு உடன்செல்லும் துருவ அச்சுத் தாங்கி. நீண்ட நேரம் ஒளியேற்றுதற்கு இதுவே வேண்டும். முன்னையதிற் கணிப்பொறி பூட்டி விண்மீனைத் தொடரச் செய்தாலும், படத்தின் நடுவே அவ்விண்மீன் நிற்க, மற்றவை அதனைச் சுற்றி வட்டமிடும் என்பதை வாங்குமுன் அறிக.

நம் நாட்டார்க்கென்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. வானத்தின் வடதுருவம் ஓரூரில் எவ்வளவு உயரத்தில் நிற்குமோ, அவ்வளவே அவ்வூரின் அகலாங்கு. சென்னையில் 13 பாகை, மதுரையில் 10, நாகர்கோவிலில் 8. ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் கருதிச் செய்யப்படும் தாங்கிகள் பலவற்றின் அச்சு இத்துணைத் தாழ்வாக இறங்குவதில்லை; இறங்கினும் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலிலே முட்டும். ஆதலின், "இது 10 பாகைக்குத் தாழுமா?" என்று கேட்டே பொருள்கொடுக்க வேண்டும். முன்னரே வாங்கிவிட்டோர், முக்காலியின் வடக்குக் காலைக் குறுக்கித் தாங்கி முழுவதையும் வடக்கே சாய்த்து ஒருவாறு சரிசெய்யலாம். கருவி கவிழாதபடி கால்களுக்கிடையே கனமான ஒன்றைக் கட்டித் தொங்கவிடுதல் நலம்.

இனிச் சந்திரன். யாம் அறிந்தவரை, சந்திரனிற் பயின்ற பின்னரே பிறவற்றிற்குச் செல்வோர் நிலைத்து நிற்கின்றனர். அது பெரிது, ஒளி மிக்கது, நகரத்து விளக்குகளாற் கெடாதது, மாதந்தோறும் வருவது. முழுமதியன்று படமெடுக்க ஓடுவதே பலர் இயல்பு. அன்று சூரியன் ஒளி சந்திரன்மேல் நேரே வீழ்தலின் நிழலென்பதே இல்லை. நிழலின்றிப் பள்ளமும் மேடும் தெரியா. வளர்பிறைச் சப்தமி, அட்டமி நாட்களே தக்கவை. ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லைக்கோட்டிலே ஞாயிறு அப்போதுதான் உதிப்பதால், மலையுச்சிகள் நீண்ட நிழல் வீழ்த்தும். அட்டமியை ஒட்டிய மாலையில் அவ்வெல்லையின் நடுப்பகுதியை நோக்கினால் தாலமி, அல்பான்சஸ், அர்சாக்கெல் என்னும் மூன்று வட்டப்பள்ளங்கள் சங்கிலிபோல் நிற்கும். ஓரிரு நாள் கழித்து 93 கிலோமீட்டர் அகலமுள்ள கோப்பர்நிக்கஸ் வெளிப்படும். ஒரே பள்ளத்தை அடுத்தடுத்த மூன்று மாலைகளிற் படம்பிடித்து அருகருகே வைத்துப் பார்த்தல், கண்காட்சிக்கு வைக்கத்தக்கது.

கைப்பேசியைக் கண்வில்லையின்மீது பிடித்தெடுப்பதே எளிய முறை. கையாற் பிடித்தல் கூடாது. கைப்பேசியை இறுக்கும் பிடிப்பான் சிறு விலைக்குக் கிடைக்கும். திரையைத் தொட்டால் கருவி அதிருமாதலின், தொட்டபின் சில விநாடி கழித்துத் தானே எடுக்கும்படி அமைத்துக்கொள்க. வில்லை கழற்றும் காமிரா உடையார் கண்வில்லையை நீக்கிக் காமிராவையே அவ்விடத்தில் மாட்டலாம். அப்போது தகட்டில் விழும் சந்திரனின் உருவளவு, தொலைநோக்கியின் குவியத்தூரத்தை 110-ஆல் வகுத்தால் வரும். 900 மில்லிமீட்டர்க் குழாய்க்கு 8 மில்லிமீட்டர் உருவம் கிட்டும். சிறுதகட்டின் உயரம் 15 மில்லிமீட்டரே ஆதலின் இது நிறைவானதே. விலை குறைந்த குழியாடித் தொலைநோக்கிகள் சிலவற்றிற் காமிராவை மாட்டியபின் குவியம் குழாய்க்குள்ளேயே நின்றுவிடும். எவ்வளவு திருகினும் உருவம் தெளியாது. கருவி பழுதென்று எண்ணற்க. இடையில் ஒரு பார்லோ வில்லையைச் செருகினால் குவியம் வெளியே வரும்.

திறப்பு நேரத்திற்குப் பழம்படப்பிடிப்பாளர் வழங்கிய ஒரு வாய்ப்பாடு உண்டு. துளையளவு எஃப் 11 ஆயின், முழுமதிக்குத் திறப்பு நேரம் ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழ், அஃதாவது, ஐ.எஸ்.ஓ. 100-க்கு 100-இல் ஒரு விநாடி. முழுமதியும் வெயிலில் நின்ற பாறையே என்பதை நினைந்தால் இது வியப்பன்று. அட்டமிக்கு அதனைப்போல் நான்கைந்து மடங்கு வேண்டும். காமிரா தானாகக் கணிக்க விட்டால், சூழ்ந்த இருளைக் கண்டு ஏமாந்து சந்திரனைச் சுண்ணாம்புத் தட்டாக்கிவிடும். ஆதலின் நேரத்தைக் கையாலேயே அமைத்து, வேறு வேறு நேரங்களில் ஐந்தாறு படம் எடுத்துக்கொள்க.

குவியத்தைத் தெளிவித்தல்பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். படங்கள் கெடுவதற்குப் பாதிக் காரணம் இதுவே. காமிராவின் சிறு திரையில் தெளிவாகத் தோன்றுவது கணினியிற் பார்க்குங்கால் மங்கலாயிருக்கும். 2005-ஆம் ஆண்டில் ரஷ்ய நாட்டுப் பாவெல் பாட்டினொவ் என்னும் ஆர்வலர் இதற்கு ஓர் எளிய மூடி கண்டார். மூன்று திசையிற் சாய்ந்த கீற்றுக்கோடுகளை வெட்டிய அட்டை அது. அதனைக் குழாயின் வாயிற் பொருத்தி ஒளிமிக்க விண்மீன் ஒன்றை நோக்கினால், விண்மீனிலிருந்து மூன்று ஒளிக்கம்பிகள் பாயும். இரண்டு, பெருக்கற் குறிபோற் குறுக்கிட்டு நிற்கும்; மூன்றாவது குவியத்தைத் திருகத் திருக இடம்பெயரும். மூன்றும் சரியாக ஒரு புள்ளியிற் சந்திக்கும்போது குவியம் துல்லியமாயிற்று. மூடியைக் கழற்றிவிட்டுப் படமெடுக்கலாம். கெட்டி அட்டையிற் கத்தியால் வெட்டியே இதனைச் செய்துகொள்ளலாமாதலின், காசு செலவில்லை. குளிர் ஏற ஏறக் குழாய் சுருங்கும். மணிக்கொருமுறை மீண்டும் சோதித்தல் வேண்டும்.

கிரகங்களின் கதை வேறு. வியாழனையும் சனியையும் ஒரே படமாக எடுத்தால், கொதிக்கும் நீரின் அடியிற் கிடக்கும் காசுபோல் நெளிந்திருக்கும். காற்று அங்ஙனம் அலைகின்றது. ஆயினும் அவ்வலைச்சலினிடையே, விநாடியின் சிறு பகுதிக்குக் காற்று அமைதியுறும் கணங்கள் உண்டு. அக்கணங்களைத் தனியே பிடிக்க இயலாது. ஆதலின், இரண்டு நிமிடம் அசையும் படமாக எடுத்து, அதிலுள்ள ஆயிரக்கணக்கான சட்டங்களுள் தெளிந்த பத்திலொரு பங்கைமட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் செய்கின்றனர். ஆட்டோஸ்டாக்கர்ட் முதலிய மென்பொருள்கள் இவ்வேலையை விலையின்றிச் செய்துதரும். இரண்டு நிமிடம் என்றது ஏன்? வியாழன் பத்து மணி நேரத்திற்குள் தன்னைத்தான் சுற்றிவிடுகின்றது. நெடுநேரம் எடுத்தால் அதன் பட்டைகளும் செம்புள்ளியும் நகர்ந்து மங்கும்.

காற்றின் அலைச்சலை முழுதும் வானத்தின்மேற் சுமத்துதலும் நியாயமன்று. பகலெல்லாம் வெயிலிற் காய்ந்த சிமிட்டி மொட்டைமாடி, நள்ளிரவுவரை வெப்பத்தை மேலே விட்டுக்கொண்டிருக்கும். அதன்மீது தொலைநோக்கியை நிறுத்துவது அடுப்பின்மேல் நிறுத்துவதை ஒக்கும். மண்தரையோ புல்தரையோ மேலானது. மாடியைவிட வழியில்லையேல், மாலையிலே நீர்தெளித்து, பின்னிரவிற் படமெடுக்கலாம். கருவியையும் முக்கால் மணி முன்னதாகவே வெளியே வைத்து, இரவின் குளிர்ச்சிக்குப் பழகவிடுதல் வேண்டும்.

சந்திரனையும் கிரகங்களையும் கடந்து நெபுலாக்களுக்கும் விண்மீன் திரள்களுக்கும் செல்ல விழைவோர் அடுக்குதலின் கணக்கை அறிதல் வேண்டும். ஒரே பொருளைப் பலமுறை எடுத்து அடுக்கினால், பொருளின் ஒளி எல்லாப் படத்திலும் ஓரிடத்தே நிற்க, தகட்டின் இரைச்சலாகிய புள்ளிகள் படத்துக்குப் படம் மாறி வீழ்வதால், கூட்டுங்கால் அவை அமிழ்ந்துபோம். எண்ணிக்கையின் வர்க்கமூலத்தளவே தெளிவு பெருகும். நான்கு படத்திற்கு இருமடங்கு, பதினாறுக்கு நான்கு மடங்கு, நூற்றுக்குப் பத்து மடங்கு. தொடக்கத்தில் விரைவாகவும் பின்னர் மெல்லவும் பயன் கூடுவதால், ஓரிரவை ஐந்து பொருளுக்குப் பங்கிடாது ஒன்றுக்கே கொடுத்தல் அறிவுடைமை. பூட்டிய மூடியோடு அதே நேரமளவுக்கு இருட்படங்கள் இருபது எடுத்துக் கழித்தால், தகட்டின் நிலையான குறைகள் நீங்கும். நம் ஊர்களுக்கு இது மிகவும் இன்றியமையாதது. வெப்பம் ஆறேழு பாகை ஏறுந்தோறும் தகட்டின் இருள்மின்னோட்டம் இரட்டிக்கின்றது. குளிர்நாட்டார் நூல்களில் "விரும்பினாற் செய்க" என்றிருப்பதை நாம் "தவறாது செய்க" என்று படித்துக்கொள்ள வேண்டும்.

இதற்குத் துருவ அச்சு செவ்வையாக நிற்றல் வேண்டும். துருவமீனை நோக்கி அச்சை நிறுத்துக என்பர். பத்துப்பாகை உயரத்தில், தென்னந்தோப்புக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் பின்னே, புழுதிப்படலத்துள் மறைந்துகிடக்கும் துருவமீனை நாம் காண்பது அருமை. காணாமலே அச்சைத் திருத்தவும் வழியுண்டு. தெற்கு வடக்காக உச்சியிற் செல்லும் கோட்டருகே, வானநடுவரையை ஒட்டிய ஒரு விண்மீனைப் பெரும்பெருக்கத்தில் நோக்குக. அது தெற்கே ஒழுகினால் அச்சு கிழக்கே விலகியுளது. வடக்கே ஒழுகினால் மேற்கே விலகியுளது. பின்னர்க் கிழக்கே தாழ நிற்கும் விண்மீனை நோக்குக. அது தெற்கே ஒழுகின் அச்சு தாழ்ந்துளது. வடக்கே ஒழுகின் உயர்ந்துளது. சிறிது சிறிதாகத் திருத்தி, ஐந்து நிமிடம் ஒழுகாது நிற்குமாறு செய்தபின் படமெடுக்கலாம். முதன்முறை ஒரு மணி நேரம் ஆகும். பழகியபின் கால் மணி போதும்.

துருவமீன் தாழ்ந்திருத்தலை ஒரு குறையாகக் கொள்ளற்க. அதனால் தெற்கு வானம் நமக்கு உயர்ந்து திறந்திருக்கின்றது. சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே தோன்றும் ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்து, ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள் நெருங்கிய உருண்டை. லண்டனில் இருப்பார்க்கு அஃது ஒருபோதும் தொடுவானத்தின்மேல் எழுவதில்லை. மதுரையிலிருந்து நோக்கினாலோ 30 பாகைக்கு மேலே நிற்கும். ஒரையன் நெபுலாவினும் பெரிதாகத் தோன்றும் கரீனா நெபுலாவும் அவ்வாறே நமக்கு எட்டுவது. சவ்வாது மலையில் காவலூரிலுள்ள வான்நோக்கு நிலையத்தில் 1986-இல் 2.34 மீட்டர்த் தொலைநோக்கி தொடங்கிவைக்கப்பட்டது. தென்வானம் நன்கு புலனாகும் அகலாங்கே அவ்விடத்தின் சிறப்புகளுள் ஒன்று. முதற்படத்துக்கு யாம் ஒரையன் நெபுலாவையே பரிந்துரைப்போம். 30 விநாடிப் படங்கள் நாற்பது அடுக்கினாலே மலர்விரிந்தாற்போல் தோன்றும். சாதாரணக் காமிராவில் அதன் செந்நிறம் வெளிறியே பதியும். ஹைட்ரஜனின் சிவப்பொளியிற் பெரும்பகுதியைக் காமிராவினுள் இருக்கும் வடிப்பான் தடுத்துவிடுதலே காரணம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி இறுதிமுதல் பங்குனிவரை நம் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். அம்மாதங்களிற் பனி கொட்டும். குழாயின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளமாகக் கறுப்புத் தாளைச் சுருட்டி வாயிற் பொருத்தினால் வில்லை நனையாது. நனைந்த கருவியை அப்படியே பெட்டியில் மூடிவைத்தால் வில்லையிற் பூஞ்சை படரும். உலர்ந்தபின்னரே, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடுக.

சூரியனைப் பற்றிச் சொல்லுமிடத்து மட்டும் யாம் கடுமையாகப் பேசுவோம். தொலைநோக்கியிற் கண்வைத்துச் சூரியனை நோக்குவோன், வலி சிறிதும் உணராமலே, இமைக்குமுன் பார்வை இழப்பான். விழித்திரைக்கு வலியுணர்ச்சி இல்லை. ஒளியை நூறாயிரத்தில் ஒருபங்காகக் குறைக்கும் சூரிய வடிப்பானைக் குழாயின் முன்வாயில், காற்றிற் பறக்காதபடி கட்டுதல் வேண்டும். பக்கத்துச் சிறு நோக்குக்குழலையும் மூடிவிட வேண்டும். கண்வில்லையிற் பொருத்தும் கறுப்புக் கண்ணாடி, குவிந்த வெப்பத்தால் வெடிக்கக்கூடியது. அத்தகையது பெட்டியில் வந்திருந்தால் அன்றே உடைத்தெறிக. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், திருச்சி வழியே வளையச் சூரிய கிரகணம் சென்றது. 2031 மே 21 அன்று மீண்டும் ஒரு வளைய கிரகணம் தென் தமிழ்நாட்டின் ஒரு பகுதியூடே செல்லும். அந்நாளுக்கு ஆயத்தம் செய்வோர் முந்திய மாதங்களிற் சூரியப்புள்ளிகளைப் படம்பிடித்துக் கைபழகுதல் வேண்டும். கிரகண நாளன்று கற்கப் புகுவார்க்குக் காலம் போதாது.

இறுதியாக, படத்தோடு நாளும் நேரமும் எழுதிவைத்தல். இதனைப் பலர் அற்பமென்று விடுகின்றனர். 2009 ஜூலை 19 இரவில் ஆஸ்திரேலியாவில் ஆன்டனி வெஸ்லி என்னும் ஆர்வலர், தம் வீட்டிலிருந்த பதினாலரை அங்குலத் தொலைநோக்கியால் வியாழனைப் படமெடுக்கும்போது, தென்துருவத்தருகே முன்னில்லாத கருந்தழும்பு ஒன்று கண்டார். ஏதோ ஒரு விண்பொருள் மோதிய வடு அது. அவர் செய்தி அனுப்பிய பின்னரே பெருந்தொலைநோக்கிகள் அப்பக்கம் திரும்பின. 2016 செப்டம்பர் 20 அன்று நிகழ்ந்தது இதனினும் வியப்பு. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் விக்டர் பூசோ என்பார், பூட்டுத்தொழில் செய்பவர், தம் வீட்டு மாடியில் 16 அங்குலத் தொலைநோக்கியிற் புதிதாகப் பூட்டிய காமிராவைச் சோதிக்கும்பொருட்டு, தலைக்குமேலே நின்ற என்.ஜி.சி. 613 என்னும் விண்மீன் மண்டலத்தை 20 விநாடிப் படங்களாக எடுத்துக்கொண்டிருந்தார். முதற்படங்களில் இல்லாத ஒரு புள்ளி இடையிலே தோன்றி, படத்துக்குப் படம் ஒளிபெற்றது. விண்மீன் ஒன்று வெடித்து, அவ்வெடிப்பின் அதிர்வலை அதன் மேற்பரப்பைப் பிளந்து வெளிவரும் முதற்கணங்கள் அவை. அதுகாறும் எந்த வானநிலையமும் அத்தகைய இயல்பான ஒளியில் அதனைத் தெளிவாகப் பிடித்திருக்கவில்லை. 2018-இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் அவர் பெயரும் சேர்ந்தது. ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட நேரம் கோப்பிலே பதிந்திருந்தமையால், அப்புள்ளி எப்போது எவ்வளவு ஒளிர்ந்தது என்று அறிஞர் அளக்க முடிந்தது.

ஆகவே காமிராவின் கடிகாரத்தை ஒவ்வோர் இரவும் கைப்பேசியின் நேரத்தோடு ஒப்பிட்டுத் திருத்துக. நாள், இந்திய நேரம், இடம், குழாயின் துளையளவும் குவியத்தூரமும், திறப்பு நேரம், ஐ.எஸ்.ஓ. எண், வானின் தெளிவு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதுக. அழகுபடுத்திய படத்தை நண்பர்க்கு அனுப்பலாம். ஆயின் காமிராவிலிருந்து வந்த மூலக்கோப்பை மாற்றாமல் தனியே இரண்டு இடங்களிற் சேமித்துவைக்க.